நாற்பத்தைந்து யானைகள்

நாற்பத்தைந்து யானைகள் குறைகின்றன என்று சூப்பர்வைசர் சொன்னபோது நான் உலர்த்தும் கூடத்தின் தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை. என் கூடத்தில் ஒன்றுகூடக் குறையாது. வேறு யாரையோ கேட்கிறான் என்று நினைத்தேன்.

"உங்களத்தாம்மா கேக்கறேன்" என்றான்.

யானை என்றால் உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் யானை. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு கொடுப்பதற்கு இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். விருத்தாசலத்தில் எங்கள் பட்டறையைப் போல இன்னும் பல பட்டறைகள் உண்டு. மண் குழம்பை அச்சில் ஊற்றி, பிரித்தெடுத்து, உலர வைத்து, சூளையில் சுடுவோம். ஊற்றுவதும் சுடுவதும் ஆண்கள். சாயம் தீட்டுவது பெண்கள். நடுவில் உலர்த்துவது நான். ஈர யானையின் தும்பிக்கை மூச்சு பட்டாலே ஒடியும். என் கையில் ஒடிந்தவை குறைவு. அதைப் பட்டறையில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கள் கூடம் சதுரம் இல்லை. பின்சுவர் ரயில் பாதையை ஒட்டிச் சாய்வாகப் போகிறது. அதனால் வாசல் பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்கும். தரையில் முப்பது கோடுகள் பெயிண்டில் போட்டிருக்கிறார்கள். முதல் கோட்டில் ஒரு யானைதான் வைக்க இடம். இரண்டாவதில் இரண்டு. இப்படியே முப்பதாவது கோட்டில் முப்பது. கோட்டின் எண் எதுவோ அதுவே அதில் இருக்கும் யானைகளின் எண்.

கூடம் நிறைந்தால் நானூற்று அறுபத்தைந்து. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பலகையில் வைத்துத் தூக்கும்போது முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் ஒரே பலகையில் சேர்த்தால் முப்பத்தொன்று. இரண்டாவதையும் இருபத்தொன்பதாவதையும் சேர்த்தாலும் முப்பத்தொன்று. எல்லாப் பலகையும் ஒரே கனமாக இருந்தால் தோளுக்கு நோகாது. அப்படிப் பதினைந்து பலகை. பதினைந்து முப்பத்தொன்று நானூற்று அறுபத்தைந்து. என் தோளுக்கு வந்த கணக்கு அது.

அந்த முறை வந்த ஆர்டரில் எல்லா யானையும் ஒரே மாதிரி வேண்டாம் என்றார்களாம். அதனால் ஒவ்வொரு மூன்றாவது கோட்டு யானைக்கும் முதுகில் நீல ஜமுக்காளம். ஒவ்வொரு ஐந்தாவது கோட்டு யானைக்கும் கழுத்தில் பொன்னிற மணி. மற்றவை வெறும் வெள்ளை. சூப்பர்வைசர் சொன்னபடி நான் கோடுகளின் தலைப்பில் குறி போட்டேன். மூன்று, ஆறு, ஒன்பது என்று நீலச் சாக்பீஸ். பிறகு திரும்ப வந்து ஐந்து, பத்து, பதினைந்து என்று மஞ்சள் சாக்பீஸ். குறி உள்ள கோடுகளைச் சாய மேசைக்குத் தூக்கிப் போனார்கள். குறி இல்லாதவற்றை மெருகுக் குழம்பில் முக்கிச் சூளைக்குள் அடுக்கி, வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்தால் வெந்து ஆறும்வரை மூன்று நாளைக்குத் திறக்க முடியாது.

"நீலம் நூத்தி அறுவத்தஞ்சு, மணி நூத்தி அஞ்சு. ஆக எரநூத்தி எழுவது வரணும்" என்றான், செல்லைக் காட்டி. "மேசையில எரநூத்தி இருவத்தஞ்சுதான் இருக்குது. மீதி எங்க?"

செல்லை நான் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. அங்கேயே கண்ணை மூடிக் கணக்குப் போட்டேன். மூன்றும் முப்பதும் முப்பத்து மூன்று. ஆறும் இருபத்தேழும் முப்பத்து மூன்று. அப்படி ஐந்து ஜோடி, நூற்று அறுபத்தைந்து. ஐந்தும் முப்பதும் முப்பத்தைந்து. அப்படி மூன்று ஜோடி, நூற்றைந்து. இரண்டும் சேர்ந்தால் இருநூற்று எழுபது. அவன் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக வந்தது.

மேசையில் இருந்ததை நானே தொட்டுத் தொட்டு எண்ணினேன். இருநூற்று இருபத்தைந்துதான்.

மாலையில் வாசலில் என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார்கள். எல்லார் பையையும் பார்த்தார்கள், ஆனால் என் பையில்தான் தூக்குச்சட்டியின் மூடியைக்கூடத் திறந்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "தூக்குச்சட்டியில யான குட்டி போட்டிருக்கும், நல்லா பாருங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

மேசையில் சாயம் தீட்டுகிறவள் ஒருத்தி மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கேலி செய்தவள் பக்கம் திரும்பி, "நாப்பத்தஞ்சையும் மடியில கட்டிக்கிட்டு நீ நாலு அடி நடந்து காட்டுடி பாப்போம். நடந்துட்டீன்னா நான் மொட்ட போட்டுக்கறேன்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பும் இந்தச் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டான். அவன் நாற்காலி போட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு நான் சொல்லல. கை தவறி ஒடஞ்சிருக்கும். ஒடஞ்சத மண்ணுத் தொட்டியில போட்டுட்டீங்க, அது கரஞ்சிருக்கும். சொல்ல மறந்துட்டீங்க. வயசாச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதான்."

"நாப்பத்தஞ்சு ஒடஞ்சா எனக்குத் தெரியாதா?"

"அதத்தான் மறதின்னு சொல்றேன்."

ஈரமாக உடைந்ததைத் திரும்பத் தொட்டியில் போடுவது எங்கள் வழக்கம்தான். போட்டால் தடம் இருக்காது. இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. திருட்டுன்னு பேச்சு வராது. ஓனருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றான்.

ஒரு நாள் டைம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நானும் மகளும்தான் வீட்டில். மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். விஷயத்தைக் கேட்டு அவள் சண்டைக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னாடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"போன வாரம் கேஸு அடுப்ப நிறுத்தாம கடைக்குப் போயிட்ட. நான் வந்து பாத்தப்ப பாலு கருகிக் கெடந்துச்சு. ஒங்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

எனக்கு அந்தப் பால் நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதுவே நினைவில்லை என்றால், உடைந்த யானைகளும் அப்படித்தானோ? ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் போட்டிருப்பேனோ? நாற்பத்தைந்து தடவை குனிந்து நிமிர்ந்திருப்பேனோ? அப்படியானால் என் இடுப்புக்கு நினைவிருக்காதா? திருடி என்று சொன்னால் அவன் வாயைக் கிழிப்பேன். மறதி என்று சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் கையெழுத்துப் போட்டேன். அவன் எழுதினான்: உடைந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் பெயரை எழுதினேன். என் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவேன். அவன் அந்தத் தாளைச் செல்லில் போட்டோ பிடித்து ஓனருக்கு அனுப்பினான்.

"நீங்க கொஞ்ச நாளு ஒக்காந்து செய்யற வேலைய பாருங்க ஆயா" என்றான். அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டவன். கையெழுத்தின் மை காய்வதற்குள் ஆயா ஆகிவிட்டேன்.

ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஸ்பாஞ்சால் யானைகளின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் வேறொருத்தி நின்றாள். எல்லாரும் என்னிடம் நல்லவிதமாகப் பேசினார்கள். பை பார்த்தபோது கேலி செய்தவள்கூட டீ வாங்கி வந்து கையில் கொடுத்து, "சூடு, பாத்துக் குடிங்க ஆயா" என்றாள். அந்த டீயை அப்படியே கீழே ஊற்ற வேண்டும்போல இருந்தது. குடித்தேன்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் போனேன். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் கொளஞ்சியப்பர் முருகன் கோயிலில் பிராது கட்டுவார்கள். இன்ன ஊர், கோயிலிலிருந்து இத்தனை தூரம், இன்னார்மேல் இன்ன குறை என்று தாளில் எழுதி முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட்டு வந்தால் அவர் விசாரிப்பார். எழுதித் தருகிற பெரியவரிடம் போய் நின்றேன். ஊரைச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன்.

"யாரு மேல பிராது?"

வாய் திறந்தேன். எடுத்தவன் மேல் என்று சொல்லலாம். ஆனால் மறந்துவிட்டேன் என்று காலையில்தானே எழுதிக் கொடுத்தேன். அவன் மேல் என்றால், அவன் செய்தது என்ன? கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தானே வந்தது.

"சொல்லும்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"எம் மேலயே எழுதலாமா?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடியெல்லாம் எழுதறதில்லம்மா. வூட்டுக்குப் போ. யாரையாவது கூட்டிக்கிட்டு வா" என்றார். முருகனைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலை சூளையைத் திறந்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றைந்து வெள்ளை யானைகள் இருக்க வேண்டும். இருந்தால், ஏதோ உடைந்தது, மறந்தேன், அதோடு முடிந்தது. எண்ணினார்கள். இருநூற்று நாற்பது இருந்தன.

நாற்பத்தைந்து கூட.

சூப்பர்வைசர் திரும்பி என்னைப் பார்த்தான். அதில் கோபமே இல்லை. "பாத்தீங்களா ஆயா? ஒண்ணும் ஒடையவே இல்ல. நீங்க குறி போட மறந்த கோடெல்லாம் வெள்ளையாவே சூளைக்குப் போயிருக்குது. ஒடையாததப் போயி ஒடஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒரு டாக்டரப் பாருங்க ஆயா."

மங்கலம்பேட்டைக்காரிகூட மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோடுகளைப் பார்க்கலாம் என்றால், சாக்பீஸ் குறிகளை அன்றைக்கே நானே ஈரத் துணியால் துடைத்துவிட்டிருந்தேன். வெள்ளை யானைகள் சூளை வாசலில் வரிசையாக நின்றன. அன்றைக்கு நான் நம்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். என் புத்தி போய்விட்டது என்று நானே நம்பினேன். வீட்டுக்கு நடக்கும்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமா வலது பக்கமா என்று ஒரு கணம் நின்றேன். முப்பது வருஷமாக நடக்கிற தெரு.

வீட்டில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை சேர்த்து வைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தரையில் கொட்டினேன். எத்தனை கோடு மறந்தேன், எந்தக் கோடு மறந்தேன், அதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரிசை வைத்தேன். சாக்பீஸ் இல்லை. சாமி மாடத்திலிருந்து மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துத் தண்ணீரில் குழைத்துக்கொண்டேன். மூன்று, ஆறு, ஒன்பது என்று போய் ஒவ்வொரு கொட்டைக்கும் மஞ்சள் வைத்தேன். முப்பதாவது வரிசைவரை போனேன். பிறகு ஐந்தாவது வரிசைக்கு வந்து குங்குமம் வைத்தேன். பத்தாவதுக்கு வைத்தேன். பதினைந்தாவது வரிசையில் விரலைக் கொண்டுபோனபோது அங்கே ஏற்கெனவே மஞ்சள் இருந்தது.

விரலை எடுக்காமல் முப்பதாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

பதினைந்து மூன்றின் வரிசையிலும் வருகிறது, ஐந்தின் வரிசையிலும் வருகிறது. முப்பதும் அப்படித்தான். அவனும் நானும் அந்த இரண்டு வரிசைகளையும் நீலத்திலும் எண்ணினோம், மணியிலும் எண்ணினோம். கொட்டை ஒன்றுதான். பதினைந்தும் முப்பதும் நாற்பத்தைந்து. பட்டறையில் அந்த இரண்டு கோடுகளின் தலைப்பிலும் நீலமும் மஞ்சளும் என் கையால்தான் போட்டேன். போட்ட கைக்குத் தெரிந்தது கணக்குப் போட்ட எனக்குத் தெரியவில்லை.

பொட்டு வைத்த கொட்டைகளை எண்ணினேன். இருநூற்று இருபத்தைந்து. பொட்டில்லாதவை இருநூற்று நாற்பது. திரும்பவும் எண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்து மறைத்ததால் மூன்றாவது தடவையும் எண்ண வேண்டியிருந்தது.

மகள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள். தரை முழுக்கக் கொட்டையும் மஞ்சளும் குங்குமமும். பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அம்மா! யாரும்மா இத வூட்டுக்குள்ள வெச்சது?"

"நான்தான்டி. கத்தாத. இங்க வா. மிதிச்சிடாத. இந்த வரிசையில எத்தினி பொட்டு இருக்குது, எத்தினி கொட்ட இருக்குது? எண்ணு."

அவள் அழுதுகொண்டேதான் எண்ண ஆரம்பித்தாள். பதினைந்தாவது வரிசையில் நின்றாள். முப்பதாவதுக்குப் போனாள். அழுகை நின்றுவிட்டது. "அந்த பாலு..." என்று ஏதோ சொல்ல வந்தாள். "பாலு வேற, இது வேற" என்றேன். பால் கருகியதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் நேராகச் சாய மேசைக்குப் போனேன். நீலம் முந்தின நாளே காய்ந்திருந்தது. மணி தீட்டி அப்போதுதான் முடித்திருந்தார்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"நீலம் எத்தினின்னு எண்ணுங்க தம்பி."

"ஆயா, வேல கெடக்குது..."

"எண்ணுங்க."

மங்கலம்பேட்டைக்காரியே எண்ணினாள். நூற்று அறுபத்தைந்து. மணி கட்டியவை எத்தனை என்றேன். நூற்றைந்து. "இப்ப தலைய எண்ணு" என்றேன். இருநூற்று இருபத்தைந்து வந்தபோது அவள் கையிலிருந்த யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஜமுக்காளம், கழுத்தில் மணி.

"யக்கா! ஒரே பொண்ணு ரெண்டு பந்தியிலயும் ஒக்காந்து சாப்புட்ட மாதிரில்ல இருக்குது!" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். செல்லை எடுத்துத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கணக்கு நான்தான் தப்பா போட்டுட்டேன். அம்மா மேல தப்பு இல்ல" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"அந்தத் தாளு?" என்றேன்.

அவன் என்னைக் கூடத்துக்குள் கூட்டிப் போனான். "அம்மா, ஓனருக்கு அனுப்பிட்டேன். நான்தான் தப்புன்னு தெரிஞ்சா என்னைய வெச்சிருக்க மாட்டாரு. போன மாசந்தான் கொழந்த பொறந்துருக்குது. வாடக வூடு. கொஞ்சம் பொறுங்கம்மா. நேர்ல வரும்போது நானே பக்குவமா சொல்றேன்."

நானே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். மகள் அதைத்தான் சொன்னாள். ஆனால் என் புத்தி சரியாக இருக்கிறது என்று நானே போய்ச் சொல்வதா? எவன் அது சரியில்லை என்று எழுதினானோ அவன்தான் சொல்ல வேண்டும். "நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றேன். என் வீம்பு அது.

திரும்பவும் கூடம் என் கைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து ஓனர் வந்தார். நல்ல மனுஷர், கூச்சல் போட மாட்டார். கூடத்துக்குள் வந்து என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒடம்பு எப்பிடிம்மா இருக்குது? மாத்தர எதுனா எடுத்துக்கறீங்களா?"

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவன் சுவரோரம் நின்று செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓனர் ஒரு கோட்டைக் காட்டி, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல, "இதுல எத்தினி யான இருக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

எனக்கு உச்சந்தலை சுட்டது. பொறுத்தேன். அவன் பேசட்டும் என்று நேரம் கொடுத்தேன். வெளியே ஒரு ரயில் முழுசாகப் போய் முடிந்தது. அவன் செருப்பு நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுல இருவத்திரண்டு. கூடத்துல மொத்தம் நானூத்தி அறுவத்தஞ்சு. மூணாவது கோடும் அஞ்சாவது கோடுமா குறி போட்டா எரநூத்தி இருவத்தஞ்சு" என்றேன்.

ஓனர் அவன் பக்கம் திரும்பினார். அவன் தொண்டையைக் கனைத்தான். "கரெக்டு சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஓனருக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் தோளை லேசாகத் தட்டினார். "பரவால்லையே! எங்கம்மாவும் இப்பிடித்தான். சில நாளு ரொம்பத் தெளிவா இருப்பாங்க" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார். அவன் பின்னாலேயே போனான். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், எதுவோ சொல்ல வருகிறவன்போல. காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பலகையில் ஈர யானைகள் காத்துக்கொண்டிருந்தன. இருபத்து மூன்றாவது கோடு காலியாக இருந்தது. குனிந்து முதல் யானையை வைத்தேன்.